மொசாம்பிக் காட்டிய மருத்துவ வழி

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நான்காக வகுத்தார் வள்ளுவர். இவற்றுள் மருத்துவரைப் பெரும்பாலும் இழந்து தவித்த நாடு ஆப்பிரிக்காவிலுள்ள மொசாம்பிக்.

1975இல் அது போர்த்துகல்லிடமிருந்து விடுதலை பெற்றபோது மருத்துவருள் மிகப்பலர் வெளியேறினர். 1977இல் உள்நாட்டுப் போரும் மூண்டது. பேறுகாலத்தில் இடர்ப்பட்ட தாய்க்குச் சிசேரியன் செய்யவும் சிற்றூர்களில் ஆளில்லை.

வெளிநாட்டு வல்லுநர் வந்து உதவலாம். அவர் திரும்பிய மறுநாள் வரும் நோயாளிக்கு யார் துணை? எனவே 1984இல் அரசு புதுவழி கண்டது. பட்டறிவு மிக்க உள்ளூர் மருத்துவப் பணியாளரைத் தேர்ந்து, ஈராண்டு தலைநகர் மபூட்டோவிலும் ஓராண்டு மாகாண மருத்துவமனையிலும் அறுவை மருத்துவம் பயிற்றுவித்தது.

மருத்துவப் பட்டம் பெறாதார் கையில் கத்தியைக் கொடுக்கலாமா? இவ்வையம் நியாயமானதே. இவர்களும் மகப்பேற்று வல்லுநரும் மபூட்டோவில் செய்த 2071 சிசேரியன்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 1996இல் வெளிவந்தது. தாய்சேய் நலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே அதன் முடிவு.

2002இல் மாவட்ட மருத்துவமனைகளில் நிகழ்ந்த பெரிய மகப்பேற்று அறுவைகளுள் 92 விழுக்காட்டை இவர்களே செய்தனர். மற்றோர் உண்மையும் கருதத்தக்கது. பணியேற்று ஏழாண்டு கழிந்தபின் இவர்களுள் 88 விழுக்காட்டினர் மாவட்ட மருத்துவமனைகளிலேயே இருந்தனர். அங்கு அமர்த்தப்பட்ட பட்டம் பெற்ற மருத்துவருள் ஒருவர்கூட எஞ்சவில்லை.

சிக்கலான அறுவைகளுக்கு முழுமையாகக் கற்ற வல்லுநர் என்றும் வேண்டும். ஆயினும் நள்ளிரவில் துடிக்கும் தாய்க்கு, தொலைவிலுள்ள பெரும்புலமையினும் அருகிலுள்ள பயின்ற கையே உயிர் காக்கும். அக்கையை அந்த மண்ணிலேயே உருவாக்குவது நிலைத்த உதவியாகும்.