கடல்வழியும் வான்வழியும்



தூரத்தை நாம் கல் கணக்கில் அளக்கிறோம். ஆனால் பிரயாணம் செய்பவன் அதனை வேறு மூன்று அளவுகோல்களால் அளக்கிறான். எத்தனை நாள் ஆகும்? எவ்வளவு செலவாகும்? உடல் எவ்வளவு துன்புறும்? இம்மூன்றும் காலந்தோறும் மாறி வந்த வரலாற்றை அறிந்துகொள்ள நம் சோழநாட்டுக் கடற்கரையே போதுமானது.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. ஓவே கெடே என்பவரின் தலைமையில் 1618-ஆம் ஆண்டின் இறுதியில் டென்மார்க்கை விட்டுப் புறப்பட்டவர்கள், 1620-இல்தான் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொள்ள முடிந்தது. வழியில் நோயுற்று மாண்டவர் பலர். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்துச் சீகன்பால்கு, 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனில் பாய்க்கப்பலேறி, 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தார். ஏழு மாதங்களுக்கு மேல் நீரிலேயே வாழ்க்கை! உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த ரொட்டியுமே அக்காலக் கப்பல்களின் உணவு. காற்று வீசினால் பயணம், வீசாவிட்டால் காத்திருத்தல். அன்று பிரயாணத்திற்குக் கொடுத்த விலையில் பணம் ஒரு சிறு பகுதியே; பெரும் பகுதி உயிரச்சமும் ஆயுளின் நாட்களுமே ஆகும்.

பின்னர் நீராவிக் கப்பல் வந்தது. அது காற்றின் தயவை நாடவில்லை. ஆகவே புறப்படும் நாளையும் சேரும் நாளையும் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. தரங்கம்பாடிக்குத் தெற்கேயுள்ள நாகப்பட்டினம், மலேயாவுக்குச் செல்வோரின் வாயிலாயிற்று. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல், சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடியது. மேல்வகுப்பில் சென்ற சிலருக்குத் தனி அறை உண்டு. ஆயிரக்கணக்கான மற்றையோர் டெக்குப் பயணிகள். தாமே விரித்த பாயும் தலைமாட்டில் வைத்த பெட்டியுமே அவர்களுக்கு வீடு. முந்திய தலைமுறைகளில் சென்ற தோட்டத் தொழிலாளருள் பலர் கப்பற் கூலியையும் கையிலிருந்து கொடுத்தவர்கள் அல்லர். அது அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டு, பின்னர்ச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. காலை எடுத்து வைக்கும்போதே கடனாளி! பிரயாணச் செலவு என்பதற்கு இதைவிடக் கடுமையான பொருள் உண்டோ?

இனி வானத்தை நோக்குவோம். 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு சிறு விமானத்தை ஓட்டிவந்தார். தபால் அங்கிருந்து வேறொரு விமானியால் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. அன்று வானூர்தியில் முதலிடம் கடிதத்திற்கே, மனிதனுக்கு அன்று. பிறகு வந்த டக்கோட்டா விமானங்கள் இருபது முப்பது பேரைச் சுமந்தன. அவற்றுள் காற்றழுத்தத்தைச் சமன் செய்யும் ஏற்பாடு இல்லை. ஆதலால் மிக உயரே பறக்க இயலாமல், மேகங்களுக்கு நடுவே குலுங்கிச் சென்றன. செவி அடைப்பும் குமட்டலும் பயணச்சீட்டோடு சேர்ந்து வந்தவை என்றே சொல்லலாம்.

1948 ஜூன் 8-ஆம் நாள், ‘மலபார் பிரின்சஸ்’ என்னும் விமானம் 35 பயணிகளோடு பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் தங்கிச் சென்றது. கட்டணம் 1,720 ரூபாய். இக்காலத்துக் காதுக்கு அது சிறு தொகையாகப் படலாம். ஆனால் அன்று ஒரு பவுன் தங்கம் நூறு ரூபாய்க்கும் குறைவு. ஆகவே அக்கட்டணம் 17 பவுனுக்கு மேற்பட்டது. இன்றோ ஒரு பவுனின் விலையிலேயே பெரும்பாலும் லண்டன் சென்றுவிடலாம்!

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? பரிசலை எண்ணிப் பாருங்கள். ஒருவரை ஏற்றினாலும் எட்டுப் பேரை ஏற்றினாலும் துடுப்புப் போடுபவன் ஒருவனே. ஏறுவோர் பெருகினால் ஆளுக்குரிய கூலி குறையும். 1960-இல் ஏர் இந்தியா ஜெட் விமானத்தைப் பெற்றது. 1971-இல் முந்நூறு பேருக்கு மேல் ஏற்றும் ஜம்போ வந்தது. உயரமும் விரைவும் பெருகின, குலுக்கம் குறைந்தது. பிறகு 2003-இல் ஏர் டெக்கான் நிறுவனம் இந்தியாவுக்குள் குறைந்த கட்டணப் பயணத்தைத் தொடங்கியது. விமானம் தரையில் நிற்கும் நேரத்தைக் குறைத்தல், இருக்கைகளை நெருக்கமாக அமைத்தல், உணவுக்குத் தனி விலை கேட்டல் ஆகியவை அத்தகைய நிறுவனங்களின் வழிகள். தலைவணங்கி வரவேற்ற மகாராஜா சின்னத்தின் காலத்தில் சிலருக்குக் கிட்டிய உபசாரம் சுருங்கியது. பலருக்கு இடம் கிடைத்தது. ரஜூலாவின் டெக்கு வானத்தில் ஏறிவிட்டது எனலாம். ஆனால் ஒரு வாரம் கிடந்த இடத்தில் இன்று நான்கு மணி நேரமே முழங்காலை மடக்கி அமர்கிறோம்.

இது வெறும் சொகுசுக் கணக்கன்று. கப்பற்காலத்தில் மலேயாவில் இருந்த மகனுக்குத் தாய் இறந்த செய்தி தந்தியில் வரும். எவ்வளவு விரைந்தாலும் அவன் கருமாதிக்கே வந்து சேர இயலும். அதற்கும் கப்பல் நாள் பொருந்தி வரவேண்டும். இன்று கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ உள்ளவன் காலையில் செய்தி கேட்டு, திருச்சியில் இறங்கி, இரவுக்குள் காவிரிக் கரைக் கிராமத்தை அடையலாம். முகம் பார்க்கும் உரிமையை விலைக் குறைவு பலருக்கு வழங்கியிருக்கிறது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. மாதங்களுக்கு முன்பே திட்டமிடுபவனுக்கே மலிவான சீட்டு. அன்றே புறப்படுபவன் பன்மடங்கு கொடுக்க நேரிடுகிறது. துக்கம் முன்பதிவு செய்துகொண்டு வருவதில்லை! குறைந்த கூலிக்கு அயல்நாடு சென்றவனே அவ்வேளையில் மிகுந்த விலை கொடுக்கிறான்.

ஆகவே மாணவர்களே, ‘பிரயாணம் மலிவாகிவிட்டது’ என்று எவரேனும் சொன்னால், ‘யாருக்கு? எந்த நாளில்?’ என்று கேளுங்கள். பாய்க்கப்பல் முதல் ஜெட் விமானம் வரை நாட்கள் சுருங்கின, துன்பம் குறைந்தது, கட்டணமும் இறங்கியது. அவ்விறக்கம் அவசரத்தில் தவிக்கும் ஏழைக்கும் எட்டும் நாளிலேதான் இந்த முன்னேற்றம் நிறைவு பெறும்.