யாரோ நினைக்கிறார்களா?

வாயில் ரசம் சாதம். பக்கத்து இலைக்காரர் ஏதோ சொல்ல, சிரிப்பு வருகிறது. கூடவே இருமல், கண்ணில் நீர். “யாரோ உன்னை நினைக்கிறாங்க” என்று பாட்டி உச்சந்தலையில் தட்டுகிறார். புரை ஏறும்போது உள்ளே நடப்பது என்ன?

தொண்டைக்குக் கீழே இரண்டு குழாய்கள்: முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். விழுங்கும்போது மூச்சுக்குழாயின் மேல்முனையான குரல்வளை மேலெழும்புகிறது, இலை வடிவ மூடி ஒன்று அதன் வாயில் கவிழ்கிறது, குரல்நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஏறத்தாழ ஒரு நொடி மூச்சே நிற்கிறது. இத்தனையையும் நடத்துவது மூளையின் அடியில் உள்ள முகுளம்.

சிரிப்பதற்கு மூச்சு வேண்டும், அதனால் மூச்சுப்பாதை திறந்துவிடுகிறது. ஒரு சொட்டு ரசம் நுழைந்தால் போதும். குரல்நாண்கள் மூட, வயிறும் மார்பும் இறுக, அடைபட்ட காற்று சட்டென்று பீறிட்டு அந்தச் சொட்டை வெளியே தள்ளுகிறது. அதுதான் இருமல்.

செய்து பாருங்கள்: கழுத்தின் முன்மேட்டில் விரலை வைத்து எச்சில் விழுங்குங்கள். மேடு ஏறி இறங்கும். விழுங்கும் அந்தக் கணத்தில் மூச்சை இழுக்க முயலுங்கள், முடியாது.

கவனம்: இருமுபவரை இருமவிடுங்கள். பேசவோ இருமவோ முடியாமல் திணறினால் அது அடைப்பு. உடனே முதலுதவி தேவை. 108-ஐ அழையுங்கள்.