பல் கிளிப்பை விரைவுபடுத்தும் வழிகள்

பல்லுக்குக் கிளிப் போட்டால் கழற்றப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். மோகனூரிலிருந்து திருச்செங்கோட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கோ சேலத்துக்கோ போய்வரும் மாணவர்களுக்கு, மாதந்தோறும் ஒரு நாள் விடுப்பு என்று பொருள்.

தாமதத்துக்குக் காரணம் எலும்பு. பல் நகரும் திசையில் தாடை எலும்பைச் சில செல்கள் கரைக்கின்றன. பின்னால் வேறு செல்கள் புது எலும்பை உருவாக்குகின்றன. இதனால் பல் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் நகரும். கம்பியை அதிகம் முறுக்கினால் பல்லின் வேர்தான் தேயும்.

காயம்பட்ட எலும்பு வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதை அமெரிக்க மருத்துவர் ஹெரால்ட் ஃப்ராஸ்ட் 1983-இல் விளக்கினார். அறுவை முறைகள் இதையே நம்புகின்றன. ஈறைத் திறந்து எலும்பின் மேலடுக்கைக் கீறுவது ஒரு முறை. பல் மருத்துவர்களான வில்கோ சகோதரர்கள் 2001-இல் இத்துடன் எலும்புத்தூள் நிரப்புவதையும் சேர்த்தனர். எளிய முறையில் ஈறு திறக்கப்படுவதில்லை. பல் பிடுங்கிய இடைவெளியருகே மரத்துப்போக ஊசி போட்டு, ஈறு வழியாகவே எலும்பில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சிறு துளைகள் இடுவார்கள். கோரைப்பல்லைப் பின்னுக்கு இழுக்க இது பயன்படுகிறது. ஆனால் வேகம் சில மாதங்களில் தணிந்துவிடும்.

அறுவையில்லாத முறைகளில், லேசர் ஒளிக்கு உறுதியான சான்று இன்னும் போதவில்லை. கடித்துக்கொள்ளும் அதிர்வுக் கருவி, கவனமாகச் செய்த ஆய்வுகளில் பெரும்பாலும் பலன் தரவில்லை. அதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. குறித்த நாளில் தவறாமல் போவதும், கிளிப் உடையாமல் காப்பதும், செலவில்லாமல் காலத்தை மிச்சப்படுத்தும்.