தரை தொடும் கலை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே திருவரங்கம் தீவாக அமைந்துள்ளது. அங்கே ஆற்று மணலில் பருந்து இறங்குவதைக் காண்போர் ஒன்றைக் கவனிக்கலாம். தரையை நெருங்கியதும் அது உடலை நிமிர்த்திச் சிறகுகளை அகல விரிக்கிறது, வேகம் தளர்கிறது, கால்கள் மெல்ல மணலைத் தொடுகின்றன. விமானம் ஓட்டப் பயிலும் மாணவர்க்குக் கடினமான பாடமும் இதுவே.

2025-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள், சேலத்திலிருந்து புறப்பட்ட சிறு பயிற்சி விமானம் ஒன்று திருச்சிராப்பள்ளி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கியது. அதில் இருந்தோர் உயிர் தப்பினர். இத்தகைய செய்தியைக் கேட்போர், இயந்திரம் பழுதானால்தான் இடர் நேரும் என்று எண்ணக்கூடும். இயந்திரம் செவ்வனே இயங்கும்போதும், நல்ல ஓடுபாதையிலேயே, மாணவர்க்கு விபத்து நேர்வதுண்டு.

அது எவ்வாறு? ஓடுபாதைக்குச் சில அடி உயரத்தில் விமானத்தின் மூக்கை மெல்ல உயர்த்துதல் வேண்டும். உயர்த்தத் தாமதித்தாலும், வேகம் மிகுந்திருந்தாலும், விமானம் தரையில் மோதிப் பந்துபோல் துள்ளும். அஞ்சிய மாணவர் உடனே மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்ப்பார். அதுவே பெரும்பிழை. முன்சக்கரம் முதலில் மோத, விமானம் முன்னினும் உயரத் துள்ளும். இவ்வாறு இரண்டு மூன்று முறை நிகழுமாயின், முன்சக்கரத்தின் கால் ஒடியும். சுழலும் விசிறி தரையில் அடிபடும்.

காற்றையும் மாணவர் அறிதல் வேண்டும். திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தின் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. ஆடித் திங்களில் அங்கு மேலைக்காற்று வலுத்து வீசும். எதிர்க்காற்றில் இறங்கும் விமானம் குறைந்த வேகத்தில் தரையைத் தொடுவதால், அக்காற்று நல்ல துணையாகும். அதுவே தென்மேற்கிலிருந்து வீசினால், விமானத்தைப் பாதையினின்றும் பக்கவாட்டில் தள்ளும்.

துள்ளிய விமானத்தை வலிந்து இறக்க முயலலாகாது. இயந்திரத்துக்கு முழு விசை கொடுத்து, மேலெழுந்து, வட்டமிட்டு வந்து மறுபடியும் இறங்குதலே முறை. பிழையைப் பிறர் காண்பரே என்னும் நாணம் சில வேளைகளில் இதற்குத் தடையாகிறது. நாணத்தைவிட உயிர் பெரிதன்றோ?

வட்டமிடும் அச்சில நிமிடங்களில் மலைக்கோட்டையும் திருவரங்கத்துக் கோபுரமும் மறுமுறை கண்ணிற் படலாம். அது தோல்வியன்று. இறங்கும் இடம் ஏற்றதாக இல்லையெனில் பருந்தும் மீண்டும் மேலெழுகின்றது. அதனை எவரும் எள்ளி நகையாடுவதில்லை.