பெருமையன்று, பிணி

குளத்தூர்க் கடைத்தெருவில் ஒருவர், "நானே புதுக்கோட்டை மன்னன், நாளை எல்லார்க்கும் நிலம் வழங்குவேன்" என்று முழங்கினால் நாம் நகைப்போம், அன்றிச் சினப்போம். சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு இணைந்ததை எடுத்துரைத்தாலும் அவர் ஏற்கமாட்டார். மனநல மருத்துவர் இதனைப் பெருமை சார்ந்த மாயநம்பிக்கை என்பர்.

தற்பெருமை வேறு, இது வேறு. தற்பெருமையாளன் சான்று கண்டால் நாணக்கூடும். பிணியுற்றவர்க்கோ சான்றும் சூழ்ச்சியாகத் தோன்றக்கூடும். இருதுருவ மனநோயின் எழுச்சி நிலையிலும் மனச்சிதைவு நோயிலும் இது தலைகாட்டும். எழுச்சி நிலையில் உறக்கக் குறைவு, ஓயாப் பேச்சு, வரம்பற்ற செலவு ஆகியனவும் உடன்வரும். அரசர் ஆண்ட மண்ணில் அரசனாகவும், வேறோரிடத்தில் பெருஞ்செல்வனாகவும் அந்நம்பிக்கை கோலம் கொள்ளும்.

வாதிட்டு வெல்ல முனைதல் பயனற்றது. ஆமெனத் தலையசைத்தலும் தீது. "உறக்கமின்றி வருந்துகின்றீர்களே, மருத்துவரைக் காண்போமா?" என அன்புடன் அழைத்தலே முறை. லித்தியம் எழுச்சி நிலையைத் தணிப்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் வெளியிட்டார். இன்று மருந்துகள் பல உள.

சங்கிலி மருந்தன்று. 2001 ஆகஸ்டு 6இல் ஏர்வாடிக் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டோர் தப்ப வழியின்றித் தவிக்க, 28 உயிர்கள் மடிந்தன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலைத் தடை செய்கிறது. 14416 எனும் டெலி மானஸ் தொலைபேசி எண் கட்டணமின்றி வழிகாட்டுகிறது.

இனியொரு 'மன்னரை'க் காணின், நகைப்பை அடக்கி, அவர்தம் வீட்டாரிடம் இவற்றை எடுத்துரைப்போம்.