காற்றுதான் இங்கே மலை: அம்மாமாரின் சைக்கிளுக்குள் இருக்கும் அறிவியல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. சுண்ணாம்புக்கல் படுக்கையின் மேல் கிடக்கும் இந்த நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரந்தான். சைக்கிள் உழக்குவதற்கு இதைவிட வசதியான தரை கிடைப்பது அரிது. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தில் சுன்னாகத்திலோ நல்லூரிலோ ஓர் ஒழுங்கை முகப்பில் நின்று பார்த்தால் இது விளங்கும். பின் கரியரில் பிள்ளை, முன் கூடையில் புத்தகப்பை, ஹாண்டிலில் சாப்பாட்டுப் பை. தாய்மார் ஓட்டும் ஒரு லேடீஸ் சைக்கிளில் பாதிக் குடும்பமே போகும்.

ஜப்பானிலும் இதே காட்சிதான். அங்கே இந்த வகை வண்டியை ‘மமாச்சரி’ என்பார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஊரில் தாயும் பிள்ளையும், கிடைத்த சைக்கிளுக்குத் தக்கபடி தங்களை ஒழுங்குபடுத்திக்கொள்கிறார்கள். ஜப்பானிலோ தாய்க்கும் பிள்ளைக்கும் தக்கபடி சைக்கிளைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். அந்தத் திருத்தங்களில் எவை நமக்குப் பொருந்தும்?

முதலில் சட்டகம். பின்னால் பிள்ளை இருக்கும்போது காலைப் பின்பக்கமாகச் சுழற்றி ஏற முடியாது. முன்னால் வைத்துத்தான் ஏற வேண்டும். குறுக்குப் பார் இல்லாத சட்டகம் அதற்கு வசதி. ஆனால் பார் போனதும் சட்டகத்தின் முக்கோணமும் போய்விடுகிறது. முக்கோணந்தான் எளிதில் முறுக்கிக்கொள்ளாத வடிவம். அந்த இழப்பை ஈடுசெய்யத் தடித்த உருக்குக் குழாய் தேவைப்படுகிறது. லேடீஸ் சைக்கிள் பாரமாக இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். மமாச்சரிகள் 20 கிலோ அளவில் இருப்பது வழக்கம்.

பார் இல்லாததுதான் பெண்களுக்கு எப்போதும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் வழியாகப் பெருந்தொகையான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அப்போது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே விரும்பி வாங்கிய பெண்களும் இருந்தார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர்கள் சொன்ன காரணம், பாரில் பிள்ளையை இருத்தலாம் என்பது. இயற்பியலும் அவர்கள் பக்கந்தான். பாரில் இருக்கும் பிள்ளையின் பாரம் இரண்டு சில்லுகளுக்கும் நடுவில் விழுகிறது. கரியரில் இருத்தினால் அந்தப் பாரம் பின் அச்சின் மேலோ அதற்கும் பின்னாலோ போய்விடும். அப்போது முன் சில்லு இலேசாகி ஹாண்டில் ஆடும். ஜப்பானியப் பொறியியலாளர்கள் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். முன் சில்லைச் சிறிதாக்கி, குழந்தை இருக்கையைத் தாழ்த்தி, ஹாண்டில் திரும்பும் அச்சுக்கு மேலேயே அதைப் பொருத்தினார்கள். பாரமும் தாழ்ந்தது, ஆட்டமும் குறைந்தது. இரண்டு குழந்தைகளை ஏற்றவும் 2009 முதல் அங்கே அனுமதி உண்டு. ஆனால் அதற்கென வகுத்த தரத்தில் தேறிய சைக்கிளாக இருக்க வேண்டும்.

ஓடும்போது விழுவதைப் பற்றியே நாம் பயப்படுகிறோம். நிற்கும்போது சரிவதும் அதேயளவு ஆபத்து. ஒற்றைக்கால் ஸ்டாண்டில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபடிதான் நிற்கும். இருக்கையில் பிள்ளை மறுபக்கம் எட்டிப் பார்த்தால், பாரத்தின் மையம் தாங்கும் எல்லையைத் தாண்டி வண்டி கவிழும். மமாச்சரியின் இரட்டைக்கால் ஸ்டாண்ட் பின் சில்லைத் தூக்கி வண்டியை நிமிர்த்தி வைக்கும். நிலத்தில் அதன் கால்களுக்கிடையே 30 சென்ரிமீற்றர் அகலமும், பாரத்தின் மையம் 80 சென்ரிமீற்றர் உயரத்திலும் இருந்தால், ஏறத்தாழ 10 பாகை சாயும்வரை அது விழாது. பல வண்டிகளில் ஸ்டாண்டைப் போட்டதும் ஹாண்டிலும் பூட்டிக்கொள்ளும். முன் சில்லு தானாகத் திரும்பி வண்டியைச் சரித்துவிடாது.

இனி உழக்கும் வலு. தாய், பிள்ளை, பை, சைக்கிள் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைப்போம். காற்றில்லாத தார் றோட்டில் மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் போக 40 வாற்று அளவு வலு போதும். சுகதேகியான ஒருவர் களைக்காமல் கொடுக்கக்கூடியது. அதே வேகத்தில் 5 சதவீத ஏற்றம் ஏற 200 வாற்று வேண்டும். ஏற்ற இறக்கமான ஜப்பானிய நகரங்களில் மின்துணை சைக்கிள் பரவியதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். யமஹா நிறுவனம் 1993 இல் உலகின் முதல் மின்துணை சைக்கிளை விற்பனைக்கு விட்டது. இன்றைய ஜப்பானியச் சட்டப்படி, மணிக்கு 10 கிலோமீற்றர் வேகம் வரைக்கும் நமது வலுவைப்போல இரண்டு மடங்கை மோட்டார் சேர்க்கலாம். அதன்பின் துணை படிப்படியாகக் குறைந்து 24 கிலோமீற்றரில் நின்றுவிட வேண்டும்.

நமக்கு ஏற்றம் இல்லை, சோளகக் காற்று இருக்கிறது. பண்ணைப் பாலத்திலோ காரைநகருக்குப் போகும் பொன்னாலைப் பாலத்திலோ மணிக்கு 18 கிலோமீற்றர் காற்று முகத்தில் அடித்தால் 40 வாற்று 115 ஆகிவிடும். காற்றின் எதிர்ப்பு, அது மோதும் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். நிமிர்ந்து இருந்து ஓட்டும் சைக்கிளில் இன்னும் கூடுதல். ஆனால் வேகத்தை 8 கிலோமீற்றராகக் குறைத்தால் தேவை 65 வாற்றுக்குள் இறங்கிவிடும். அதே வேகத்தில் அந்த 5 சதவீத ஏற்றம் ஏறினாலோ 130 வாற்று வேண்டும். எதிர்காற்றில் மூன்று கியர் போதும், பற்றறி கட்டாயமில்லை.

அந்தக் கியர் எங்கே இருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. கடற்காற்றில் வரும் உப்புத்தூள், ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். மழையே பெய்யாவிட்டாலும் செயினில் துரு ஏறுவது அதனால்தான். பல மமாச்சரிகளின் கியர் பின் சில்லின் ஹப்புக்குள் மூடப்பட்டிருக்கும். செயினும் உறைக்குள் ஓடும். உப்பும் மணலும் அதற்குள் புகுவது குறைவு. சட்டை, சேலைத் தலைப்பு சிக்கும் பயமும் குறைவு. பந்தயச் சைக்கிளைப்போல வெளியே பல்லுகள் தெரியும் கியர் பார்க்க அழகுதான். ஆனால் நெடுந்தீவுக்கும் பருத்தித்துறைக்கும் அது ஏற்றதல்ல.

சைக்கிளின் பெறுமதியை யாழ்ப்பாணத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை, ரோச் பற்றறியும் இல்லை. சில்லைக் கையால் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. 6 வோல்ற் டைனமோ தருவது ஆடலோட்டம். அதை டயோட்டால் நேரோட்டமாக்கி வானொலிக்குக் கொடுத்தார்கள். 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோதும் நாடு முழுவதும் மறுபடி சைக்கிளைத்தான் தேடியது.

ஆகவே புதிதாக ஒரு வாகனத்தைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருக்கும் லேடீஸ் சைக்கிளிலேயே இரட்டைக்கால் ஸ்டாண்ட், செயின் உறை, முதுகு சாயவும் கால் வைக்கவும் வசதியுள்ள இருக்கை, பின் சில்லுக் கம்பிக்குள் கால் போகாமல் தடுக்கும் வலை ஆகிய நான்கையும் சைக்கிள் கடையில் கேட்டுப் பூட்டிக்கொள்ளுங்கள். பழைய ஜப்பான் சைக்கிள் வாங்குவதாக இருந்தால் பெயின்ரைப் பார்க்காமல் ஸ்டாண்டையும் பிரேக்கையும் பாருங்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் பின்னால் இருப்பவரை முதலில் ஏற்றுங்கள், முன்னால் இருப்பவரை முதலில் இறக்குங்கள். பிள்ளையை ஏற்றுவதற்கு முன்பே ஹெல்மெற்றைப் போட்டுவிடுங்கள். பிள்ளை இருக்கையில் இருக்கும்வரை ஹாண்டிலில் இருந்து கையை எடுக்காதீர்கள்.