வண்டிக்கு ஏற்ற பூட்டு

பொழுது புலருமுன் பிரட்டுக்குப் புறப்படும் தோட்டத் தொழிலாளிக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. அது பிழைப்பின் ஒரு பகுதி. பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், நோயுற்றவரை மருந்தகத்திற்குக் கொண்டு செல்வதும் அதில்தான். தவணைக்கு வாங்கிய வண்டி களவு போனால், இல்லாத வண்டிக்கும் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டிய நிலை ஏற்படுகிறது.

பூட்டு வாங்குமுன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: இவ்வண்டியைத் திருடன் எவ்வாறு கொண்டு போவான்? சிறிய வண்டியைத் தூக்கியும் செல்லலாம். பெரிய வண்டியை ஓட்டித்தான் செல்ல வேண்டும். முன்னதற்குத் தேவை கட்டிப் போடும் பூட்டு. பின்னதற்குத் தேவை ஓட விடாத பூட்டு.

சைக்கிள்

பின்சக்கரத்து வளையப் பூட்டு, சக்கரம் சுழல்வதைத் தடுக்குமேயன்றித் தூக்கிச் செல்வதைத் தடுக்காது. சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்து, அசையாத கம்பத்தோடு சங்கிலியால் பிணைப்பதே நன்று.

மோட்டார் சைக்கிள்

கைப்பிடிப் பூட்டை மட்டும் நம்புதல் கூடாது. அது பலமான திருகலுக்கு உடைந்துவிடக் கூடும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்கு டிஸ்க் பூட்டு பொருத்தலாம். ஆனால், பூட்டியிருப்பதை மறந்து வண்டியைக் கிளப்பினால் விழ நேரிடும். ஆகவே, நினைவூட்ட ஒரு சிவப்புக் கயிற்றைக் கைப்பிடியில் கட்டி வையுங்கள். இரவில் தடித்த சங்கிலியைச் சக்கரத்தினூடே செலுத்தி, வீட்டுத் தூணோடு பூட்டுங்கள். சங்கிலி தரையில் கிடந்தால் அதைத் தரையோடு வைத்து உடைப்பது எளிதாகிவிடும்.

பால் வெட்டும் வேளையில் ரப்பர் மரத்தோடு சங்கிலியிடாதீர்கள், பட்டை காயப்படும். இரண்டு மூன்று வண்டிகளை ஒன்றாகப் பிணைத்து, பலர் கண்ணில் படும் இடத்தில் நிறுத்துவதே மேல்.

கார்

புதிய கார்கள் பலவற்றில் சாவிக்குள்ளே மின்னணுச் சில்லு உண்டு. அச்சில்லை அடையாளம் கண்டால்தான் எஞ்சின் இயங்கும். அவ்வசதியில்லாத பழைய கார்களுக்கு ஸ்டியரிங் பூட்டும் கியர் பூட்டும் அவசியம். வெளியே தெரியும் பூட்டு திருடனைத் தயங்க வைக்கும். சாவியைச் செருகாமலே இயங்கும் காராயின், சாவியின் சமிக்ஞையைக் கருவி கொண்டு நீட்டித்துக் காரைத் திறப்பவர்கள் உண்டு. எனவே அச்சாவியை வாசலருகே மாட்டாமல், மூடியுள்ள தகர டப்பாவில் இட்டு உள்ளறையில் வையுங்கள்.

டிராக்டர், லாரி

ஒரே வகை டிராக்டர்கள் பலவற்றுக்கு ஒரே சாவி பொருந்துவதுண்டு. ஆதலால் சாவியை எடுப்பது மட்டும் போதாது. பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கும் மறைவான சுவிட்சைத் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு பொருத்த வேண்டும். டீசல் தொட்டி மூடிக்கும் பேட்டரிப் பெட்டிக்கும் தனிப் பூட்டு வேண்டும்.

காப்புறுதியும் புகாரும்

1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. அது களவுக்கு இழப்பீடு தராது. காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது, “களவுக்கும் பாதுகாப்பு உண்டா?” என்று கேட்டறியுங்கள்.

பதிவு எண், எஞ்சின் எண், சேசிஸ் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். வண்டி காணாமற் போனால், மறுநாள் பார்க்கலாம் என்றிராமல் உடனே போலீஸ் நிலையத்தில் புகார் செய்யுங்கள். களவு நடப்பதைக் கண்டால் 999 எண்ணை அழையுங்கள். தனியாக எதிர்க்க முற்படாதீர்கள்.

இறுதியாக ஒன்று. பத்திரமில்லாத வண்டி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். திருட்டுப் பொருளென அறிந்து வாங்குவதும் குற்றமே. வாங்குவார் இல்லையேல் திருடுவாருக்கு ஊதியமில்லை. நம் வண்டிக்குப் பூட்டு இடுவதோடு, இந்த வாசலையும் அடைப்பது நம் கடமையாகும்.